கலக் கருவின் வாயிலும் காவிப் புரதங்களும்

உயிர்க்கலத்தின் அமைப்பை ஓரளவேனும் கற்றோர் அறிந்த உண்மை ஒன்று உண்டு. பரம்பரையலகுகளைத் தாங்கிய டி.என்.ஏ., மிகச் சிறு பகுதி நீங்கலாக, கலத்தின் கருவினுள்ளேயே உறைகின்றது. புரதங்கள் ஆக்கப்படுவதோ கருவுக்குப் புறத்தேயுள்ள குழியவுருவில். எழுத்துச் சாசனங்கள் யாவும் ஒரு மாளிகையின் உள்ளறையில் இருக்க, அவற்றைப் படிப்போரும் படியெடுப்போரும் செப்பனிடுவோரும் வெளியிற் பிறந்து உள்ளே வரவேண்டிய நிலை இது. டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் நொதியமும், அதன் பழுதைத் திருத்தும் நொதியமும், எந்தப் பரம்பரையலகு எப்பொழுது தொழிற்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் புரதங்களும் கருவின் வாயிலைக் கடந்தே தத்தம் இடத்தை அடைகின்றன.

இவ்வரவு சிறிதன்று. ஒரு மனிதக் கலத்தின் டி.என்.ஏ. முழுவதையும் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் ஏறத்தாழ 2 மீற்றர் நீளம் வரும். ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்குக்கு மேற்படாத விட்டமுடைய கருவினுள் அஃது அடங்கியிருப்பதற்குக் காரணம், இஸ்தோன் எனப்படும் சிறு புரதங்களின்மேல் அது நூற்கட்டையிற் சுற்றிய நூல்போலச் சுற்றப்பட்டிருப்பதேயாம். விலங்குக் கலமொன்று பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ.யை இரட்டிக்கும் வேளையில், ஒவ்வொரு 3 நிமிடத்துக்கும் ஏறத்தாழ 10 இலட்சம் இஸ்தோன் மூலக்கூறுகள் உள்ளே வந்து சேரல் வேண்டும் எனக் கணக்கிட்டுள்ளனர். அதாவது கருவின் வாயில் ஒவ்வொன்றும் நிமிடத்துக்குச் சுமார் 100 இஸ்தோன்களை உள்ளே விடுகின்றது. அதே வாயில் வழியாக, அதே நேரத்தில், தூது ஆர்.என்.ஏ.யும் இறைபோசோம்களின் பாகங்களும் வெளியேறிக்கொண்டிருக்கின்றன. இத்துணை நெரிசலிலும் உள்ளே செல்ல வேண்டியது உள்ளே செல்கின்றது; வெளியே இருக்க வேண்டியது வெளியே நிற்கின்றது. இத்தெரிவைச் செய்வது யாது? உள்ளே சென்றது திரும்பி வராதிருப்பது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுள் முதலாவதற்கு விடை எளிதிற் கிடைத்தது. இரண்டாவதன் விடையோ அறிஞர் பலர் எதிர்பாராத இடத்தில் இருந்தது.

கருவைச் சூழ்ந்திருப்பது இரட்டை மென்சவ்வாலாகிய உறை. அவ்வுறையில் துளைகள் உள்ளன என்பதை 1950ஆம் ஆண்டிற் கலன், டொம்லின் என்னும் இருவர், ஈரூடகவாழிகளின் முட்டைக்கலங்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியினால் ஆராய்ந்து வெளிப்படுத்தினர். துளையைக் கண்டதனால் மட்டும் அது வழி என்பது நிறுவப்பட்டதாகாது. 1962இற் கார்ல் பெல்ட்ஹெர் என்பார் அமீபாவின் குழியவுருவினுள் நுண்ணிய பொற்றுணிக்கைகளை ஊசியாற் செலுத்தினார். பொன் இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் கரும்புள்ளியாகத் தோன்றும் இயல்பினது. அப்புள்ளிகள் துளைகளின் நடுவிலும், பின்னர்க் கருவினுள்ளும் காணப்பட்டன. போக்குவரத்து இவ்வழியேதான் என்பது இவ்வாறு கண்கூடாயிற்று.

துளை என்னும் சொல் பழக்கத்தில் நிலைத்துவிட்டதாயினும், அஃது அத்துணைப் பொருத்தமானதன்று. வெறும் ஓட்டை எனக் கருதத்தக்க பொருளன்று அது. மனிதக் கலத்திலே கருத்துளை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 வகைப் புரதங்களால், மொத்தத்திற் சுமார் 1,000 புரத மூலக்கூறுகளால் ஆகியது. எட்டு ஆரக்கால்களையுடைய சில்லுப் போன்ற சமச்சீர் வாய்ந்தது. அதன் திணிவு 11 கோடி டால்டனுக்கு மேற்படும். புரதங்களை ஆக்கும் இறைபோசோமே மிகப் பெரிய அமைப்பாகக் கருதப்படுகின்றது. கருத்துளையோ அதைப்போல் 25 மடங்கு பெரிது. இத்துளையின் உட்புறத்திலிருந்து, ஒழுங்கான வடிவம் எதுவுமின்றி நெளிந்தாடும் புரத இழைகள் நூற்றுக்கணக்கில் நடுவழியை நோக்கி நீண்டிருக்கின்றன. பீனைல் அலனின், கிளைசின் என்னும் இரு அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து நிற்கும் சோடிகள் இவ்விழைகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. நீரை விரும்பாத இச்சோடிகளே வாயிற் காவலின் உயிர்நிலை. உப்புக்கள், வெல்லங்கள், சிறு புரதங்கள் முதலியன இவ்விழைகளின் இடுக்குகளிற் பரவிச் செல்லும். ஏறத்தாழ 40,000 டால்டனுக்கு மேற்பட்ட புரதங்களோ தாமாகச் செல்வது அரிது. இவ்விழைகள் ஒன்றோடொன்று பிணைந்து கூழ்போல அமைகின்றனவா, அன்றித் தூரிகையின் மயிர்போலத் தனித்தனியே ஆடி அந்நியப் பொருள்களை விலக்குகின்றனவா என்பது குறித்து ஆராய்ச்சியாளரிடையே நடந்துவரும் வாதம் இன்னும் ஓயவில்லை.

பெரிய புரதங்கள் தாமாகச் செல்லா எனின், செல்ல வேண்டியவற்றுக்கு ஏதோவோர் அடையாளம் வேண்டும். அவ்வடையாளம் புரதத்தின் உடலிலேயே உண்டு என்பதை எடுத்துக்காட்டிய ஆராய்ச்சி 1982இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் நடந்தது. டிங்வால், ஷார்னிக், லாஸ்கி ஆகியோர் ஆபிரிக்கத் தவளையொன்றின் முட்டைகளில் மிகுந்துள்ள நியூக்கிளியோபிளாசுமின் என்னும் புரதத்தைத் தெரிந்தெடுத்தனர். இப்புரதம் ஐந்து அலகுகள் கூடியது. அலகு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. நொதியத்தால் வால்களை நறுக்கிவிட்டுத் தலைப்பகுதியை மட்டும் குழியவுருவிற் செலுத்தியபோது அது கருவினுட் புகவில்லை. நறுக்கிய வால்கள் தனியே புகுந்தன. ஐந்தில் ஒரேயொரு வால் எஞ்சியிருந்த மூலக்கூறும், சற்றுத் தாமதமாகவேனும், உள்ளே சென்றது. இன்னும் ஒரு நுட்பத்தையும் அவர்கள் சோதித்தனர். வாலற்ற தலைப்பகுதியை நேரே கருவினுட் செலுத்தியபோது அது வெளியேறாது அங்கேயே தங்கியது. ஆகவே வால் என்பது உள்ளே பற்றி நிறுத்தும் கொளுக்கி அன்று, வாயிலைக் கடப்பதற்கான அனுமதிச் சீட்டே என்பது தெளிவாயிற்று. ஒரு முடிபை நிறுவுமுன் அதற்கு மாறான விளக்கத்துக்கும் இடமுண்டோ எனப் பார்த்த இவ்வாராய்ச்சி, விஞ்ஞான முறையைக் கற்பிப்போருக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

அச்சீட்டில் எழுதப்பட்டிருப்பது யாது என்பது 1984இல் வெளியாயிற்று. குரங்குகளைத் தொற்றும் ஒரு வைரசின் புரதத்தைக் கால்டெரன் என்பாரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து, புரோலின், மூன்று இலைசின், ஆர்ஜினின், மீண்டும் ஓர் இலைசின், வலைன் என்னும் 7 அமினோ அமிலங்களின் வரிசையே போதுமானது எனக் கண்டனர். அவ்விலைசின்களுள் ஒன்றை மாற்றியபோது அப்புரதம் குழியவுருவிலேயே நின்றுவிட்டது. அவ்வேழையும் குழியவுருவிலேயே வாழ்நாளெல்லாம் கழிக்கும் ஒரு நொதியத்தோடு பொருத்தியபோது, அந்நொதியம் தனக்கு அலுவல் எதுவுமில்லாத கருவினுட் சென்று சேர்ந்தது. பல நூறு அமினோ அமிலங்கள் கோத்த புரதத்தில் ஏழே எழுத்துக்கள் அதன் இருப்பிடத்தை நிர்ணயிக்கின்றன.

சீட்டு உண்டெனின் அதைப் படிப்பவர் வேண்டும். இங்கேதான் காவிப் புரதங்கள் அரங்குக்கு வருகின்றன. அவற்றைத் தேடுவதற்கு உதவியது, 1990இல் அமெரிக்க ஆராய்ச்சியாளரான அடம், மார், ஜெராசு ஆகியோர் வகுத்த எளிய உபாயம். டிஜிற்றாலிசு வகைச் செடியிலிருந்து பெறப்படும் டிஜிற்றோனின் என்னும் பொருள், கொலஸ்திரோல் மிகுந்த மென்சவ்வை மட்டும் துளைக்கும். கலத்தின் வெளிமென்சவ்வில் அது மிகுதி, கருவுறையிற் குறைவு. எனவே இப்பொருளை அளவோடு இட்டால் கலத்தின் சுவர் ஓட்டையாகிக் குழியவுருவின் சாறு ஒழுகிவிடும், கருவோ பழுதுறாது எஞ்சும். அந்நிலையில் அடையாளச் சீட்டுடைய புரதத்தை இட்டாலும் அது கருவினுட் புகுவதில்லை. ஒழுகிய சாற்றைத் திரும்ப வார்த்தவுடன் புகுகின்றது. ஆகவே வேண்டிய பொருள் அச்சாற்றினுள் உள்ளது. இனிச் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எப்பகுதியைச் சேர்த்தாற் போக்குவரத்து மீள்கின்றது எனப் பார்த்தாற் போதும்.

இம்முறையைப் பின்பற்றி 1993 முதல் 1995 வரையுள்ள மூன்றாண்டுகளில், டிர்க் கோர்லிக், கியுந்தர் புளோபெல் முதலியோரின் ஆய்வுகூடங்களிலிருந்து முக்கிய பாத்திரங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. இம்போட்டின் அல்பா, இம்போட்டின் பீற்றா என்னும் இரண்டும் அவற்றுள் முதன்மையானவை. இவற்றையே புளோபெல் குழுவினர், விதைப் பருப்பையும் சுமத்தலையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களை இணைத்துக் காரியோபெரின் என்றனர். ஒரே பொருளுக்கு இரு பெயர் வழங்குவதனால் மாணாக்கர் இன்றும் இடர்ப்படுகின்றனர். அல்பாவின் உட்குழிவிற் சுமையின் சீட்டுப் பொருந்துகின்றது. பீற்றா அல்பாவைப் பற்றிக்கொண்டு, தன் வெளிப்புறத்தால் வாயிலின் இழைகளிலுள்ள பீனைல் அலனின் சோடிகளைத் தொட்டுத் தொட்டு விடுகின்றது. ஒவ்வொரு பற்றும் மிக மெல்லியது. ஆதலின் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றி, சனக்கூட்டத்தினூடே தெரிந்தவர் தோளைத் தொட்டுத் தொட்டு நகர்பவன்போல, ஒரு வினாடியின் ஆயிரத்திற் சில பங்கு நேரத்தில் அது வாயிலைக் கடந்துவிடுகின்றது. அந்நியப் புரதத்தைத் தடுக்கும் அதே இழைகள் காவிப் புரதத்துக்கு வழியாக அமைகின்றன. மனிதக் கலத்தில் இம்போட்டின் பீற்றாவின் இனத்தைச் சேர்ந்த காவிகள் ஏறத்தாழ 20 உள. சில உள்ளே கொணர்பவை, சில வெளியே கொண்டு செல்பவை.

இதுவரையில் யாவும் செவ்வனே பொருந்துகின்றன. ஆயினும் இரண்டாவது வினா அப்படியே நிற்கின்றது. தொட்டுத் தொட்டு உள்ளே வந்த காவி, அவ்வாறே தொட்டுத் தொட்டுச் சுமையோடு வெளியே போய்விடலாமன்றோ? இழைகளுக்கு உள் வெளி என்னும் பேதம் தெரியாது. 1988இற் செய்யப்பட்ட சோதனைகள், கலத்தின் சத்தியை ஒடுக்கினாற் சுமை வாயிலில் ஒட்டி நிற்குமேயன்றி உட்புகாது எனக் காட்டியிருந்தன. எனவே சத்தியைச் செலவிட்டுச் சுமையை உள்ளே இழுக்கும் பொறியொன்று வாயிலினுள் இருத்தல் வேண்டும் என அறிஞர் பலர் எண்ணினர். இயல்பான எண்ணமே அது. கிணற்றிலிருந்து நீர் மேலே வரின் இறைப்பவன் ஒருவன் உளன் எனக் கருதுவது வழக்கமன்றோ?

அப்பொறி அகப்படவில்லை. அகப்பட்டது ரான் எனப்படும் சிறு புரதம். குழியவுருச் சாற்றில் இன்றியமையாத பகுதிகளுள் ஒன்று இதுவே என 1993இல் இரண்டு குழுவினர் கண்டனர். ரான் இரு வேடங்களிற் காணப்படும். குவனோசின் முப்பொசுபேற்றைப் பற்றி நிற்பது ஒன்று. அதிலுள்ள மூன்று பொசுபேற்றுக்களில் ஒன்றைக் கழற்றி, இருபொசுபேற்றைப் பற்றி நிற்பது மற்றொன்று. முதல் வேடத்திலிருந்து இரண்டாவதற்கு மாற்றும் துணைப் புரதம் குழியவுருவில் மட்டுமே உளது. இரண்டாவதிலிருந்து முதல் வேடத்துக்கு மீட்கும் துணைப் புரதமோ நிறமூர்த்தங்களின்மேல் ஒட்டிக்கொண்டு கருவினுள் மட்டுமே இருக்கின்றது. இதனாற் கருவினுள் முப்பொசுபேற்று வேடமும் வெளியே இருபொசுபேற்று வேடமும் மிகுகின்றன. நிகழ்ச்சி முழுவதும் இவ்வேற்றுமையிலேயே தங்கியுள்ளது.

சுமையோடு உள்ளே வந்த பீற்றாவை, முப்பொசுபேற்று வேடம் பூண்ட ரான் வந்து இறுகப் பற்றுகின்றது. அப்பிடியிற் பீற்றாவின் வடிவம் மாறி, அல்பா கழன்றுவிடுகின்றது. அல்பா சுமையை விடுகின்றது. சுமை கருவினுட் தங்கிவிட, பீற்றா ரானுடன் வெளியேறுகின்றது. அல்பாவை வெளியே கொண்டுபோவதற்கு வேறொரு காவி உண்டு. அதுவும் ரானின் துணை கொண்டே செல்கின்றது. வெளியே வந்ததும் ரான் வேடம் மாறித் தன் பிடியை விட, காவிகள் அடுத்த சுமைக்கு ஆயத்தமாகின்றன. ரான் தானும் உள்ளே திரும்புதல் வேண்டும். அதற்கெனத் தனியே ஒரு காவி உளது.

ஆகவே வாயிலைக் கடப்பதற்குக் கூலி இல்லை. சுமையை இறக்கிய காவிகளைத் திருப்பியழைத்து வெறுங்கையாக்குவதற்கே கூலி கொடுக்கப்படுகின்றது. 1998, 1999ஆம் ஆண்டுகளில் நடந்த சோதனைகள், முப்பொசுபேற்றைச் சிதைக்காமலே காவி வாயிலைக் கடக்கவல்லது என நிறுவின. முன்னைய சோதனையிற் சத்தி ஒடுங்கியபோது நின்றுபோனது வாயிலன்று. சுமை இறக்குவதும் காவி மீள்வதுமே. இதனினும் வியப்பூட்டுவது, 1999இல் நசூரி, வைசு என்னும் இருவர் செய்த சோதனை. அவர்கள் செயற்கையாக ரானின் வேற்றுமையைத் தலைகீழாக்கி, முப்பொசுபேற்று வேடம் வெளியே மிகுந்திருக்குமாறு செய்தனர். போக்குவரத்தின் திசை மாறிற்று! வாயிலோ எவ்வித மாற்றமுமின்றி அப்படியே இருந்தது. உள்ளே எது, வெளியே எது என்பதை வாயில் அறியாது. ரான் எந்த வேடத்தில் எங்கே மிகுந்துள்ளது என்பதே அதை உணர்த்துகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

செலவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். அல்பாவும் பீற்றாவும் சேர்ந்து ஒரு சுமையைக் கொணர்ந்து மீள்வதற்கு முப்பொசுபேற்று மூலக்கூறுகள் இரண்டு செலவாகின்றன. புரதத்தை ஆக்கும்போது ஓர் அமினோ அமிலத்தைக் கோப்பதற்கே அத்தகைய சத்திப் பிணைப்புக்கள் நான்கு செலவாகின்றன. 400 அமினோ அமிலங்களுடைய புரதத்தை ஆக்க 1,600. அதை உரிய இடத்துக்கு அனுப்ப இரண்டு. உயிரினங்கள் கண்ட சிக்கனங்களுள் இதுவும் ஒன்று.

உட்புறத்தைக் குறிக்கும் துணைப் புரதம் நிறமூர்த்தங்களின்மேலேயே ஒட்டியிருப்பதற்கு மற்றுமொரு பயனும் உண்டு. கலம் பிரியும் வேளையிற் கருவுறை கரைந்து, உள் வெளி என்னும் பேதமே அற்றுப்போகின்றது. அப்பொழுதும் நிறமூர்த்தங்களைச் சுற்றி முப்பொசுபேற்று வேடத்து ரான் ஒரு மண்டலமாகச் சூழ்ந்து நின்று, அவற்றை இரு புறமும் இழுக்கும் கதிர்க்கோல் எங்கே எழ வேண்டும் எனக் காட்டுகின்றது. சுவர் இடிந்த பின்னும் வீட்டுக்காரரின் இடம் அடையாளம் தெரிகின்றது.

இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டை நோய்கள் அறிந்தே உள்ளன. எபோலா வைரசின் புரதங்களுள் ஒன்று, இம்போட்டின் அல்பா வகையொன்றைத் தானே பற்றிக்கொள்கின்றது என 2006இற் கண்டறிந்தனர். வைரசு வந்ததை அறிவிக்கும் எச்சரிக்கைப் புரதம் ஏற வேண்டிய வண்டி அதுவே. வண்டியில் இடமில்லாமையால் எச்சரிக்கை கருவை எட்டுவதில்லை, காப்புப் பரம்பரையலகுகள் விழித்தெழுவதில்லை. எயிட்சு நோயின் வைரசு வேறு வழியைக் கையாளுகின்றது. அதன் கூம்பு வடிவான உறை, சுமார் 60 நனோமீற்றர் அகலமுடையதாயினும், சிதையாமலே கருத்துளையினுட் புகுதல் கூடும் என 2021இற் படம்பிடித்துக் காட்டப்பட்டது. அவ்வுறையின் மேற்புறம் வாயிலின் இழைகளிலுள்ள பீனைல் அலனின் சோடிகளைத் தானே பற்றவல்லது என்பதும், அதாவது அது காவிப் புரதத்தின் வேடத்தைப் பூண்டு செல்கின்றது என்பதும் 2024இல் வெளியான ஆய்வுகளின் முடிபு.

வெளியார் வாராமலே இவ்வேற்பாடு குலைவதும் உண்டு. தசைகளை இயக்கும் நரம்புக்கலங்கள் ஒவ்வொன்றாக மடிந்து, கை கால்கள் சோர்ந்து, முடிவில் மூச்சும் தடைப்படும் கொடிய நோயொன்று உளது. சில குடும்பங்களில் இந்நோய் வழிவழி வருவதற்குக் காரணமானது, ஃபசு என்னும் புரதத்தில் நேரும் மாற்றம் என 2009இல் அறியப்பட்டது. ஃபசு, ஆர்.என்.ஏ.யைப் பற்றும் புரதம். அது பெரும்பாலும் கருவினுள் இருக்க வேண்டியது. அதன் அடையாளச் சீட்டு உடலின் கடைக்கோடியில் உளது. அதைப் படிக்கும் காவி திரான்சுபோட்டின் எனப்படும். நோயாளரிற் காணப்பட்ட மாற்றங்களுட் பல அந்தச் சீட்டிலேயே அமைந்திருந்தன. அங்குள்ள ஒரு புரோலினின் இடத்தில் லியூசின் வந்து நிற்கின், நோய் இளமையிலேயே தோன்றி விரைந்து முற்றுகின்றது. சீட்டைப் படிக்க இயலாத காவி சுமையை விட்டுவிட, ஃபசு குழியவுருவில் தேங்கி நரம்புக்கலத்திற் கட்டி கட்டியாகத் திரள்கின்றது.

அங்ஙனம் அது திரள்வது ஏன் என்பதை ஆராய்ந்தபோது காவிகளின் மற்றொரு தொழில் துலக்கமாயிற்று. திரான்சுபோட்டின் ஃபசுவை உள்ளே கொண்டுசெல்வதோடு அமையாது, குழியவுருவில் உள்ளபோதே அதைப் பற்றி நின்று, திரளவிடாது காக்கின்றது என 2018இல் நான்கு குழுவினர் ஒரே காலத்தில் வெளியிட்டனர். இத்தொழிலின் சாயல் அதற்கு முன்னரே, 2002இல், இஸ்தோன்கள் முதலிய புரதங்களை ஆராய்ந்தபோது கோர்லிக் குழுவினருக்குப் புலனாகியிருந்தது. இஸ்தோன்கள் 40,000 டால்டன் எல்லைக்கு உட்பட்ட சிறு புரதங்கள். தாமாகவே துளையினூடே பரவிச் செல்லலாம். எனினும் அவை காவியோடேயே செல்கின்றன. அவற்றின் நேரேற்றம் மிகுதி, ஆர்.என்.ஏ.யின் எதிரேற்றமும் மிகுதி. காவியின் அணைப்பு இன்றேல், குழியவுருவில் நிறைந்துள்ள ஆர்.என்.ஏ.யோடு அவை ஒட்டித் திரண்டுவிடக்கூடும்.